பாதி வளைந்த ஒளி

ஒளி பாதிதான் வளைந்தது.

சூரியனைப் போன்ற கனமான பொருளின் அருகே செல்லும்போது ஒளியின் பாதை கொஞ்சம் வளையும். எவ்வளவு வளையும் என்பது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த கணக்கு, அளந்தும் பார்த்தாகிவிட்டது. என் நிரல் அதில் சரிபாதியைச் சொன்னது. ஒரு சதவீதம் குறைந்திருந்தால் எங்கோ தோராயம் தப்பிவிட்டது என்று தேடலாம். தாறுமாறாக ஒரு எண் வந்திருந்தால் தட்டச்சுப் பிழை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சரிபாதி என்றால் பயம். நிரல் ஏதோ ஒரு காரியத்தை ஒழுங்காக, நாணயமாகச் செய்துகொண்டிருக்கிறது, ஆனால் அது நான் சொன்ன காரியம் இல்லை என்று அர்த்தம்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. திங்கட்கிழமை காலை, வேறொரு ஆய்வகத்திலிருந்து முகம் தெரியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "உங்கள் நிரலில் ஒரு பொருளின் நிறையைப் பூஜ்யமாக்கி, அதாவது அதை ஒளியாக்கிப் பார்த்தேன். விலகல் பாதியாக வருகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா?"

எங்கள் தொழிலில் ஒருவர் 'நான் எங்கே தவறு செய்கிறேன்' என்று கேட்டால், 'நீ எங்கோ தவறு செய்திருக்கிறாய்' என்று பொருள். அதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

குழுத் தலைவிக்கும் ஒரு பிரதி போயிருந்தது. பத்து நிமிடத்தில் அழைத்தார். அவர் அறையில் உட்கார நாற்காலி கிடையாது. இருக்கும் ஒன்றிலும் எப்போதும் காகிதக் கட்டு இருக்கும். நின்றுகொண்டே பேசினோம்.

"வியாழக்கிழமை உங்க பதவி நீட்டிப்பு கமிட்டிக்கு வருது. தெரியும்ல?"

"தெரியும்."

"ஃபைல்ல முக்கியமா இருக்கறது இந்த ஒரு கட்டுரைதான். அது தப்புன்னா நாமளே திரும்ப வாங்கிடறது மரியாதை. வெளியாள் சொல்லித் தெரிஞ்சா அசிங்கம்."

"திரும்ப வாங்கினா நீட்டிப்பு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழன் பதினொரு மணிக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. சரின்னா சரி. தப்புன்னா தப்பு. 'பார்த்துக்கிட்டு இருக்கேன்'னு மட்டும் சொல்லாதீங்க."

கட்டுரை என்ன சொல்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். கேட்கப் பயமாக இருக்கும். உள்ளே போனால் எளிது.

அணுக்கருவுக்குள் குவார்க்குகள் என்ற நுண்துகள்களைப் பிரியவிடாமல் ஒட்டிவைக்கும் துகளின் பெயர் குளுவான்; பசை என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஈர்ப்பு விசையைச் சுமப்பதாக நாங்கள் கருதும் துகளின் பெயர் கிராவிட்டான்; இதைத் தனியாக யாரும் இன்னும் பிடித்துக் காட்டவில்லை. காகிதத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொடுமையானது. மூன்று குளுவான்கள் ஒரு புள்ளியில் சந்திப்பதை ஒரு வரியில் எழுதிவிடலாம். மூன்று கிராவிட்டான்கள் சந்திப்பதை எழுதினால் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள் வரும். அதை வைத்து ஒரு மோதலைக் கணக்கிடுவது, கொட்டிய கடுகைப் பொறுக்கி எண்ணுவது போல.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. குளுவான்கள் மோதிச் சிதறும் கணக்கில் ஒவ்வொரு உறுப்பும் இரண்டு பகுதிகளின் பெருக்கலாக இருக்கும். ஒன்று, எந்தக் குளுவானுக்கு என்ன 'நிறம்' என்று சொல்லும் பகுதி. நிறம் என்றால் கண்ணுக்குத் தெரியும் நிறமில்லை; மின்னூட்டம் போல ஒரு குணம். மற்றது, யார் எந்தத் திசையில் என்ன வேகத்தில் போகிறார்கள் என்று சொல்லும் இயக்கப் பகுதி. இந்த இயக்கப் பகுதியைச் சரியான வடிவில் எழுதிக்கொண்டு, நிறப் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இயக்கப் பகுதியையே இன்னொரு முறை எழுதுங்கள். கிராவிட்டான்களின் கணக்கு வந்து நிற்கும். நூற்றுச் சொச்சம் உறுப்புகளும் அந்த ஒரு பெருக்கலுக்குள் அடங்கிவிடும். முதல்முறை கேட்டபோது எனக்குக் கண்கட்டு வித்தை போல இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

நான் செய்தது, இந்த வித்தையை இரண்டு கனமான பொருள்கள் ஒன்றையொன்று கடந்து போகும் நிகழ்ச்சிக்குப் பொருத்தும் நிரல். மூன்று வருட வேலை. அதுதான் ஒளியைப் பாதி வளைக்கிறது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பழைய சோதனைகளை எல்லாம் திரும்ப ஓட்டினேன். நான்கு கிராவிட்டான்கள் மோதினால் சரி. ஐந்து, சரி. ஆறு, கடைசி இலக்கம் வரை சரி. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று இதற்கு முன் நான் இப்படி எரிச்சல்பட்டதில்லை. வயிற்று வலிக்காக மருத்துவரிடம் போய், ஒரு குறையுமில்லை என்று கேட்டுக்கொண்டு வலியோடு திரும்புகிறவர்களின் நிலைமை எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை காலை சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். என் கணவர் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவர். பிரச்சினையை அவரிடம் சொன்னேன்.

"பாதி வளைஞ்சிருக்குல்ல? மீதியை நாளைக்கு வளைச்சுக்கலாம்" என்றார்.

"விளையாடாதீங்க. வேலை போயிடும்."

"நான் விளையாடல. எங்க ஆபீஸ்ல ஒரு பஸ் பத்து நிமிஷம் லேட்டுன்னா ஆயிரம் காரணம் இருக்கும். கரெக்டா ஒரு மணி நேரம் லேட்டுன்னா ஒரே காரணம்தான். எவனோ அட்டவணையில தப்பா எழுதியிருக்கான்."

"அந்த எவனோ நான்தான்."

அத்தை, அதாவது என் மாமியார், கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "வளைஞ்ச வரைக்கும் ஒடியாம இருக்கே, அதைப் பாரு" என்றார். "மூணு வருஷமா இது என்ன வேலைன்னு கேக்கறவங்ககிட்ட எல்லாம் நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். இப்ப பாதியாச்சும் சொல்லலாம்."

சிரித்துவிட்டேன். சிரித்தாலும் சாப்பாடு இறங்கவில்லை.

என் அலுவலக அறையில் இரண்டு மேசைகள். இன்னொரு மேசைக்காரரைக் கனத்தார் என்று கூப்பிடுவோம். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ளும் உடம்பு. கருந்துளைகள், நட்சத்திரங்கள் என்று கனமானவற்றை மட்டுமே கணக்கிடுவார், அதுவும் ஈர்ப்புச் சமன்பாடுகளை நேராக எடுத்துக்கொண்டு, பழைய வழியில். குளுவான் குறுக்குவழியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பசையைத் தடவி நட்சத்திரத்தை ஒட்டப் பார்க்கிறீர்கள் என்பார். வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்தவர் அன்றுதான் திரும்பியிருந்தார்.

"என்ன தாயே, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒளி பாதிதான் வளையுது."

"யாரோட ஒளி?"

"என்னோடதுதான். வேற யாரோடது பாதி வளையும்?"

விவரத்தைச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "ஒரு ரெண்டை எங்கயோ விட்டிருப்பீங்க" என்றார்.

எங்கள் தொழிலில் இரண்டு என்ற எண் வீட்டுச் சாவி மாதிரி. தினமும் தொலையும், தினமும் கிடைக்கும். ஒருவர் ஒரு மாறிலியை எழுதும்போது இரண்டைச் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் சேர்க்காமல் எழுதுவார்; இருவரும் சரி. அதனால் விடையில் ஒரு இரண்டு கூடினாலோ குறைந்தாலோ யாரும் பதறுவதில்லை.

"அதையும் பார்த்துட்டேன்" என்றேன். "ரெண்டால பெருக்கினா ஒளி சரியாயிடுது. ஆனா மெதுவாப் போற பொருளுக்கு இழுவை ரெண்டு மடங்காயிடுது. பூமியோட வருஷமே குறைஞ்சிடும்."

"குறையட்டுமே. பிறந்தநாள் அடிக்கடி வரும்."

"கனத்தாரே."

"சரி சரி. மெதுவாப் போறதுக்கு மட்டும் உங்க நிரல் எப்படி சரியா வந்துச்சு? முதல் நாள்லேர்ந்தே சரியா?"

அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை, என்னிடமும். நிரலைத் திறந்து ஆரம்பத்துக்குப் போனேன். இருபதாவது வரியில் ஈர்ப்பு மாறிலி இருந்தது. அதன் பக்கத்தில் என் கையாலேயே ஒரு குறிப்பு: 'இங்கே ஒரு 2 கூடுதலாக வருகிறது. வழக்க வேறுபாடு. மாறிலியை இரண்டால் வகுத்தாயிற்று. பிறகு சரிபார்க்க.'

பிறகு என்ற நாள் மூன்று வருடமாக வரவில்லை.

என்ன நடந்தது என்று நினைவு வந்தது. இந்த மாதிரி நிரல் எழுதுகிற எல்லோரும் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மெதுவாகப் போகும் இரண்டு பொருள்களைப் போட்டு, மரத்திலிருந்து பழம் விழுகிற அதே இழுவை வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் மாறிலியைத் திருகி வரவைப்பது. எனக்கு இரண்டு மடங்கு வந்திருந்தது. வழக்கமான இரண்டுதான் என்று வகுத்துவிட்டுப் போய்விட்டேன்.

காது சூடாகிவிட்டது. கனத்தார் எட்டிப் பார்த்துப் படித்தார். கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன்.

"நானும் செஞ்சிருக்கேன்" என்றார். "எல்லாரும் செய்யறதுதான். 'பிறகு சரிபார்க்க'ன்னு எழுதி வச்ச பொம்பளையை இப்பத்தான் பார்க்கறேன். நான் அதைக்கூட எழுத மாட்டேன்."

பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அந்த வகுத்தலை எடுத்துடுங்க. திருகாம வெறும் எண்ணைச் சொல்லுங்க. நான் என் வழியில சொல்றேன். பக்கத்துல பக்கத்துல எழுதுவோம்."

வெள்ளைப் பலகையின் இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவர். இரண்டு பொருள்களின் நிறைகளையும் தூரத்தையும் வெளியே எடுத்துவிட்டால், மீதி வேகத்தை மட்டும் பொறுத்த ஒரு எண். விசை என்பதே துகளைப் பரிமாறிக்கொள்வதுதான்; இரண்டு பொருள்களும் ஒரு குளுவானை மட்டும் பரிமாறிக்கொண்டால், அவை அசையாமல் நிற்கும்போது அந்த எண் ஒன்று; வேகம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும். என் வழியில் அதை அதாலேயே பெருக்கினால் ஈர்ப்பு.

"நிக்கறப்போ?"

"ஒண்ணை ஒண்ணால பெருக்கி ஒண்ணு."

"எனக்கு அரை" என்று எழுதினார். "அதான் உங்க ரெண்டு மடங்கு. அடுத்தது, குளுவான் எண் மூணு வர்ற வேகம்."

"ஒன்பது."

அவர் குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கிவிட்டு எழுதினார். "எட்டரை."

"பத்து வர்ற வேகம். எனக்கு நூறு."

"தொண்ணூத்தொம்பதரை."

பலகையைப் பார்த்தோம். ஒன்றுக்கு அரை. ஒன்பதுக்கு எட்டரை. நூறுக்குத் தொண்ணூற்றொன்பதரை. மூன்று நாளாக நான் தேடிய இரண்டு அங்கே இல்லவே இல்லை. ஒவ்வொரு வரியிலும் நான் அதே அரையைக் கூடுதலாக வைத்திருந்தேன். நிற்கும்போது அந்த அரை, விடையின் அளவுக்கே பெரிதாக இருப்பதால் இரண்டு மடங்கு போலத் தெரிகிறது. வேகம் கூடினால், விடை பெரிதாகிவிட, அரை கண்ணுக்கே தெரியாமல் போகிறது. ஒளி இருப்பதிலேயே வேகமானது. அங்கே என் எண் உள்ளபடி சரியாகவே இருந்திருக்கிறது. நான்தான் அதை இரண்டால் வகுத்துப் பாதியாக்கியிருக்கிறேன்.

"பெருக்கல்ல தப்பு இல்ல" என்றேன். "கூட்டல்ல தப்பு."

"ஆமா. உங்க வண்டியில எவனோ அரை டிக்கெட் ஏறியிருக்கான்" என்றார் கனத்தார். "வேகம் என்னவா இருந்தாலும் அவன் கனம் மாறவே இல்ல. இறக்கி விட்டா வண்டி ஓடிடும்."

அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. நிரல் முழுவதும் பிசகியிருந்தால் எங்கே தொடுவது என்றே தெரியாது. கூடுதலாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றால், அது எந்தக் கதவு வழியாக ஏறியது என்று மட்டும் பார்த்தால் போதும்.

மதியம் முழுவதும் கதவுகளைப் பார்த்தேன். கடைசியில் ஒரு குளுவானை எடுத்துப் பிரித்துப் போட்டேன். ஒரு குளுவான் போகும் திசையைப் பிடித்துக்கொண்டு இரண்டே விதமாகத்தான் சுழல முடியும்: வலமாக, அல்லது இடமாக. குளுவானின் எண் இந்த இரண்டு பங்குகளின் கூட்டல். பொருள்கள் நிற்கும்போது வலத்துக்கு அரை, இடத்துக்கு அரை, சேர்ந்து ஒன்று. எண் மூன்றாகும் வேகத்தில் ஒரு பங்கு மூன்றைத் தொடும் அளவுக்கு ஏறிவிடும், மற்றது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டையும் பெருக்கினால் எந்த வேகத்திலும் கால். இந்தக் கால் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மூன்று வேகங்களுக்கும் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை.

இப்போது என் பெருக்கலைப் பாருங்கள். வலத்தையும் இடத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை அதாலேயே பெருக்குகிறேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த கணக்குதான். நான்கு துண்டுகள் வரும். வலம் வலத்தோடு, இடம் இடத்தோடு, வலம் இடத்தோடு, இடம் வலத்தோடு. முதல் இரண்டிலும் சுழற்சிகள் ஒரே பக்கமாகச் சேர்ந்து இரட்டிப்பாகின்றன. கிராவிட்டானின் சுழற்சி குளுவானுடையதைப் போல இரட்டிப்பு. ஆக இவைதான் கிராவிட்டான். மற்ற இரண்டிலும் வலமும் இடமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சுழற்சியே இல்லாத வேறொரு துகள் அது. அதன் பங்கு ஒரு காலும் இன்னொரு காலும், ஆக அரை.

அரை டிக்கெட் அகப்பட்டான்.

அவன் அந்நியனும் இல்லை. குளுவானை இரட்டித்தால் கிராவிட்டானோடு சேர்ந்து இன்னும் இரண்டு வரும் என்று இந்தத் துறையில் நுழையும்போதே படித்திருக்கிறேன். அவற்றில் ஒன்று நிறையுள்ள எதையும் இழுக்கும், நிறையில்லாத ஒளியைத் தொடவே தொடாது. பரீட்சையில் கேட்டால் தூக்கத்தில்கூட எழுதுவேன். ஆனால் என் சோதனைகளில் ஒன்றிலும் அவன் தலைகாட்டவில்லை. மோதிவிட்டு வெளியே வரும் துகள்களை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். கிராவிட்டான் வேண்டும் என்றால் வலம்வலம், இடம்இடம் என்று எடுத்துக்கொள்கிறோம். நடுவில் பரிமாறப்படும் துகளை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. வர முடிந்தது எல்லாம் வரும். கிராவிட்டான்கள் மட்டும் மோதும் எளிய கணக்குகளில் அவன் தனியாக நடுவே வர முடியாது, ஜோடியாகத்தான் வருவான். அதனால் நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் சரியாக இருந்தன. நிறையுள்ள பொருள்களைக் கொண்டுவந்து வைத்தால் தனியாகவே வந்துவிடுவான். கொண்டுவந்து வைத்தது நான். அவன் வந்த முதல் நாளே, அவனை வழக்க வேறுபாடு என்று பெயர் சூட்டி உட்கார வைத்ததும் நான்.

அரை டிக்கெட்டை இறக்கிவிட நான்கு வரிகளை மாற்றினேன். மாறிலியிலிருந்த வகுத்தலை எடுத்தேன். ஓட்டினேன். நிற்கும்போது அரை வந்தது, எட்டரை வந்தது, தொண்ணூற்றொன்பதரை வந்தது. பழம் விழுகிற இழுவை எதையும் திருகாமல் தானாக வந்தது. பிறகு ஒரு நிறையைப் பூஜ்யமாக்கினேன்.

ஒளி முழுதாக வளைந்தது.

"வந்துடுச்சா?" என்றார் கனத்தார், திரும்பாமலேயே.

"வந்துடுச்சு."

"அப்ப பசைக்கு நட்சத்திரம் ஒட்டுது."

"ஒட்டுது. ஒத்துக்கறீங்களா?"

"நாளைக்கு ஒத்துக்கறேன். இன்னிக்கு ஊர்லேர்ந்து வந்த அலுப்பு."

ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஐந்து மாடியும் படியில் இறங்கினேன். வீட்டில் அத்தை என் முகத்தைப் பார்த்ததுமே தட்டை வைத்தார். கணவருக்கு வைத்திருந்த பங்கிலும் பாதியைச் சாப்பிட்டுவிட்டேன் என்று அவர் வந்த பிறகுதான் தெரிந்தது.

வியாழன் பத்தரைக்குத் தலைவியின் அறையில் நின்றேன். பலகையில் இருந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தானே பெருக்கிப் பார்த்தார். கட்டுரையில் எந்தெந்தப் படங்கள் மாறும் என்று கேட்டார். வேகமான பொருள்களின் படங்கள் இரண்டு மாறும், முறையும் முடிவும் அப்படியே நிற்கும் என்றேன். நாற்காலியில் இருந்த காகிதக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

"உக்காருங்க. திரும்ப வாங்க வேண்டாம். திருத்தக் குறிப்பு போதும். கமிட்டிக்கு அதையும் சேர்த்தே அனுப்பறேன். தப்பைத் தானே பிடிச்சுத் திருத்தினதுன்னா ஃபைலுக்கு அது பலம்தான்."

"ஒருத்தர் மின்னஞ்சல் அனுப்பினாரு. கனத்தாரும் கூட இருந்தாரு."

"ரெண்டு பேருக்கும் நன்றி போடுங்க. இப்ப குறிப்பைச் சொல்லுங்க, நான் அடிக்கறேன். சுருக்கமா. கமிட்டில இருக்கறவங்கள்ல பாதிப் பேர் வேதியியல்."

உட்கார்ந்தேன். சொன்னேன். அவர் அடித்தது இதுதான்:

'குளுவான் கணக்கிலிருந்து ஈர்ப்பைப் பெறும்போது, நடுவில் பரிமாறப்படும் துகளுக்கு வலச்சுழற்சியை வலச்சுழற்சியோடும் இடச்சுழற்சியை இடச்சுழற்சியோடும் மட்டுமே பெருக்க வேண்டும். வலத்தை இடத்தோடு பெருக்கும் இரண்டு துண்டுகளையும் விட்டுவிட வேண்டும். ஈர்ப்பு மாறிலியை இரண்டால் வகுக்கக் கூடாது.'